எழும்பும்போதுதான் நோகுது

கராஜுக்குப் போவதை விட்டுவிட்டேன். முழங்கால் இரண்டும் ஒத்துழைக்கவில்லை. பின்னேரம் அசர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலுக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில் உட்கார்ந்திருப்பதுதான் இப்போதைய வேலை. ஆனால் கராஜ் என்னை விடுவதாக இல்லை. இளம் மெக்கானிக்மார் வாகனத்தை ஓரமாக நிறுத்திவிட்டு வந்து ஏதாவது கேட்பார்கள். இந்த நாட்களில் அதிகம் கேட்பது ஒரே கேள்விதான். பின்னால் திறந்த பெட்டி வைத்த கெப் வாகனத்தை உயர்த்தியாயிற்று, பெரிய டயர் போட்டாயிற்று, பார்க்க யானை மாதிரி நிற்கிறது, ஏறி ஓடினால் குடல் வாய்க்கு வருகிறது, என்ன செய்யலாம் பாஸ்?

"இறக்குங்க" என்பேன். சிரித்துவிட்டு மறுபடியும் கேட்பார்கள்.

நம்மூரில் வாகனம் திருத்துகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு மலர் போடப் போகிறார்களாம். அதற்கு இதைப் பற்றியே எழுதித் தாருங்கள் என்று விடாப்பிடியாக நிற்கிறார்கள். இரும்பைப் பற்றி எழுதச் சொன்னால் எழுதலாம். ஆனால் உயர்த்திய கெப் என்றதும் எனக்கு முதலில் ஒரு பெண்ணின் குரல்தான் நினைவுக்கு வருகிறது. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நான் தொழில் பழகிய கதை பெரிதாக ஒன்றுமில்லை. படிப்பு ஏறவில்லை, வாப்பா கொண்டுபோய்க் கல்முனை மெயின் வீதியில் இருந்த ஒரு ஸ்பிரிங் கராஜில் விட்டார். ஸ்பிரிங் பிளேட்டைக் கழற்றினேன், துரு சுரண்டினேன், நெருப்பில் வைத்து அடித்தேன், கையைச் சுட்டுக்கொண்டேன். ஒருநாள் பார்த்தால் ஆட்கள் என்னை ரவூப் பாஸ் என்று கூப்பிட்டார்கள். இடையில் என்ன நடந்தது என்று எனக்கே சரியாகத் தெரியாது.

கராஜ் முதலாளி மஜீது காக்கா. எனக்கு அண்ணன் மாதிரி, சில வயதுதான் கூட. இப்போது அவர் இல்லை. அவரைப் போல நாக்கு நீண்ட மனிதரை நான் கண்டதில்லை. ஒருவர் கெப்பை ஆள் உயரத்துக்கு உயர்த்திக் கொண்டுவந்து காட்டினார். முதலாளி சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஏணி எங்க? வூட்ட வெச்சிட்டு வந்திட்டீங்களா?" என்றார். வந்தவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த கிழமை அவரே திரும்பி வந்தார். எங்கே போனாலும் கடைசியில் இங்கேதான் வர வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் முதலாளிக்கு அவ்வளவு வாய்.

ஆனால் வேலையில் கை வைக்கும் முன் அவர் வேறு ஆளாகிவிடுவார். வாகனத்துக்குக் கீழே குனிந்து பார்க்க மாட்டார். சொந்தக்காரரை ஓட்டச் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பக்கத்து சீட்டில் ஏறுவார். கையைத் தொடையில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். எந்த வீதியில் குலுக்குகிறது என்று முறைப்பாடோ அந்த வீதிக்கே போக வேண்டும். போய் வரும் வரை வாய் திறக்க மாட்டார். திரும்பி வந்ததும் ஒரு தென்னை ஈர்க்கை எடுத்து, டயர் பூட்டிய சில்லின் நடுவிலிருந்து மட்காட்டின் விளிம்பு வரை பிடித்து நகத்தால் கிள்ளி ஒடிப்பார். ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு ஈர்க்கு. அளவு நாடா கராஜில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. "அதுல நம்பர் இரிக்கும், உசரம் இரிக்காது" என்பார். வேலை முடிந்து வாகனம் போகும் வரை ஈர்க்குகள் சட்டைப் பையிலேயே இருக்கும்.

கடற்கரையில் மீன் ஏற்றுகிறவர்கள்தான் அந்தக் காலத்தில் கெப்பை உயர்த்தினார்கள். மணலில் வயிறு முட்டாமல் ஓட வேண்டும், ஐஸ் பெட்டியோடு வர வேண்டும். வெறும் வாகனத்தில் வந்து குலுக்குகிறது என்பார்கள். முதலாளி தொடவே மாட்டார். "பெட்டிய ஏத்திக்கிட்டு வாங்க, வெறும் வண்டி வேற, பாரம் ஏத்தின வண்டி வேற" என்று திருப்பி அனுப்புவார். எந்தப் பாரத்துக்காக உயர்த்தினோமோ அந்தப் பாரம் மேலே இல்லாதபோது வாகனம் கல்லைப் போல நிற்கும். இளம் ஆட்கள் இதை மட்டும் விளங்கிக்கொண்டாலும் போதும். உயரம் என்பது சும்மா கிடைப்பதில்லை. கூடுதலாக ஒரு பிளேட் போட்டால் விறைக்கும். பிளேட்டை வளைத்து எடுத்தால் மெத்தென்று மெதுவாக இருக்கும், ஆனால் சில்லு கூடுதலாகக் கீழே தொங்கும். முன்பக்கத்து முறுக்குக் கம்பியை இறுக்கினால் கீழே போக இடம் இருக்கும், மேலே எழும்ப இடம் இருக்காது. ஒன்றைத் தொட்டால் மற்றது சண்டைக்கு வரும்.

இனி ஹனிபா காக்காவின் கெப்புக்கு வருகிறேன்.

ஹனிபா காக்கா சம்மாந்துறைக்கு அப்பால் வயல் செய்கிறவர். ஊருக்குள் நல்ல கல் வீடு இருந்தது. மகளுக்குக் கலியாணம் முடித்தபோது, நம் பக்கத்து வழக்கப்படி அந்த வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அவரும் மனைவி ஆயிஷா ராத்தாவும் வயலோரமாக ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வாய்க்கால் கட்டின் மேலே போகும் கிறவல் மண் வீதிதான் அந்த வீட்டுக்கு வழி. மாரி மழையில் வயலும் வீதியும் ஒன்றாகிவிடும். ஒரு மாரியில் ராத்தாவுக்குக் கடுமையான காய்ச்சல். கெப்பில் ஏற்றிக்கொண்டு வரும்போது நடு வெள்ளத்தில் எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்து நின்றுவிட்டது. மழையில் நனைய நனைய டிராக்டர் பெட்டியில் கிடத்தித்தான் கொண்டுவந்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

வெள்ளம் வற்றியதும் ஹனிபா காக்கா கெப்போடு கராஜுக்கு வந்தார். "எவ்வளவு தண்ணி வந்தாலும் இந்த வண்டி நிக்கக்கூடா மஜீது. எனக்கு வேற ஒண்டும் தேவல்ல" என்றார். உயர்த்தினோம். அறுவடைக்கு நெல் மூடையும் ஏற்றுவேன் என்றதால் பின்னால் லொறிப் பிளேட் ஒன்றும் சேர்த்தோம். முதலாளி அவரிடம் ஏணிக் கதை ஒன்றும் கதைக்கவில்லை. மனைவிக்காக உயர்த்திய கெப் அது ஒன்றுதான் எங்கள் கராஜுக்கு வந்தது.

அதற்குப் பிறகு வந்த மாரிகளில் அந்த கெப் ஒருநாளும் நிற்கவில்லை. நோய்தான் வேறு பக்கத்தால் வந்தது. ராத்தாவுக்கு இடுப்பிலும் முதுகிலும் எலும்புக்குள் புற்று. மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் மருந்து ஏற்றிவிட்டுக் கொண்டுவர வேண்டும். பெரிய வீதிக்கு வந்துவிட்டால் கவலையில்லை. வீட்டிலிருந்து அங்கே வருவதற்குள், அந்தக் கிறவல் வீதியில், அவர் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு அழுவாராம். ஊருக்குள் மகள் வீட்டிலேயே இருக்கலாமே என்று எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். "குடுத்த வூட்டுல போய்ப் படுக்க மாட்டன்" என்று ஒரே பிடி.

"மெதுவாக்கித் தாங்க" என்று வந்து நின்றார் ஹனிபா காக்கா. "ஆனா உசரம் குறையக்கூடா. மாரி வருது." அவளைக் காப்பாற்ற உயர்த்தியதே அவளை நோகடிக்கிறது என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. முகத்தில் இருந்தது.

லொறிப் பிளேட்டைக் கழற்றினோம். உயரம் குறையாமல் இருக்க மற்றப் பிளேட்டுகளை நெருப்பில் வைத்து வளைவு ஏற்றினோம். பிளேட்டுகளுக்கு இடையில் நைலோன் துண்டு வைத்தோம், ரப்பர் புஷ் எல்லாம் மாற்றினோம், டயரில் காற்றைக் குறைத்தோம். முதலாளி ஈர்க்குகளை வைத்துப் பார்த்தார், உயரம் அப்படியே இருந்தது. பின்னால் பாரத்துக்கு நெல் மூடைகளைப் போட்டு அப்படியே வைத்திருக்கச் சொன்னோம். ஹனிபா காக்கா ஓட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு நல்லா இரிக்கி" என்றார். மட்டக்களப்புக்குப் போய்வந்த பிறகு மறுபடி வந்தார். "அவக்கு நோவு கூடிட்டு."

முன்பக்கத்தைத் திருத்தினோம். "எனக்கு நல்லா இரிக்கி" என்றார். ராத்தாவுக்கு நோவு இன்னும் கூடியது.

நம் வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ராத்தா எங்கள் கராஜ் வாசலில் எத்தனையோ தடவை அந்த வாகனத்துக்குள் இருந்திருக்கிறார். பின் சீட்டில், கண்ணாடியில் துணி தொங்கவிட்டு. நாங்கள் அந்தப் பக்கம் பார்க்க மாட்டோம். தேநீர் என்றால் ஹனிபா காக்காவின் கையில் கொடுப்போம். எங்கே நோகிறது, எப்படி நோகிறது என்பதையும் அவரிடமே கேட்போம். அவர் முன்னால் இருந்து ஓட்டுகிறவர், முன்னால் இருந்து தெரிந்ததைச் சொல்வார். இன்னொருவர் மனைவியிடம் நேரே போய்க் கேட்பது மரியாதை இல்லை என்று யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

முதலாளி ஒருநாள் ராத்தா இல்லாத நேரம் கெப்பின் பின் சீட்டில் தானே ஏறி அந்தக் கிறவல் வீதியில் போய்வந்தார். கண்ணை மூடிக்கொண்டுதான் போனார். இறங்கியதும், "எனக்கு ஒண்டும் வெளங்கல்ல ரவூப். எண்ட எலும்பு நல்ல எலும்பு" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை நான் கேட்டதே இல்லை.

அடுத்த தடவை மட்டக்களப்பிலிருந்து திரும்பும் வழியில் ஹனிபா காக்கா கெப்பை வாசலில் நிறுத்தினார். முதலாளி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். நேரே பின் கதவடியில் போய், வாகனத்துக்கு முதுகைக் காட்டி, வீதியைப் பார்த்தபடி நின்றார். ஹனிபா காக்காவைப் பார்த்து, "நான் கேட்கலாமா?" என்றார். அவர் தலையசைத்தார்.

"தங்கச்சி," என்றார் முதலாளி, வீதியைப் பார்த்தபடியே. "எப்ப நோகுது? வண்டி பள்ளத்துல விழக்குள்ளயா, எழும்பக்குள்ளயா?"

ஒரு பஸ் போயிற்று, ஒரு மோட்டார் சைக்கிள் போயிற்று. முதலாளி அசையவில்லை. பிறகு துணிக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரல்.

"எழும்பக்குள்ளதான் காக்கா. விழுறது தெரியாது, பஞ்சுல விழுற மாதிரி இரிக்கி. எழும்பக்குள்ள ஆரோ கீழ நிண்டு புடிச்சி இழுக்கிற. அந்த இழுவதான்." சற்று மூச்சு வாங்கிக்கொண்டு, "முந்தி இப்பிடி இல்ல. மெதுவாக்கினதுக்குப் பொறகுதான்" என்றார்.

முதலாளி என்னைப் பார்த்தார். எனக்கும் அந்த நொடியே விளங்கிவிட்டது. பின் ஷொக், குலுக்கலைத் தாங்கும் குழாய். பிளேட்டுக்கு வளைவு ஏற்றியபோது சில்லு முன்னை விடக் கீழே தொங்கத் தொடங்கியிருந்தது. பள்ளத்தைத் தாண்டி வாகனம் மேலே எழும்பும்போது ஷொக் தன் முழு நீளத்துக்கும் இழுபட்டு, நுனியில் போய்ச் சட்டென்று நிற்கிறது. கராஜ் குழியில் இறங்கிக் கையால் ஆட்டிப் பார்த்தால் இது தெரியாது. நல்ல உடம்புக்கு ஒரு சின்னத் தட்டுதான். நாங்கள் மெதுவாக்க மெதுவாக்க அவருக்கு நோவு கூடியது இதனால்தான்.

"ஏன் புள்ள எனக்கிட்டச் சொல்லல்ல?" என்று ஹனிபா காக்கா துணியைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க நோகுதா எண்டுதானே கேட்ட. எப்பிடி எண்டு கேட்கல்லயே."

அவர் முன்னால் திரும்பி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. சாவி எடுக்கிற மாதிரி உள்ளே போய்விட்டேன்.

அது வாகனச் சாமான்கள் நாட்டுக்குள் வராத காலம். டீசலுக்கு வரிசையில் கிடந்த காலம். அந்த நீளத்தில் ஷொக் கொழும்பிலும் இல்லை என்றார்கள். பொத்துவிலில் வெளிநாட்டுக்காரர்களை மணலில் ஏற்றித் திரிந்த ஒருவருடைய உயர்த்திய கெப்பில் அப்படி ஒரு சோடி இருப்பது முதலாளிக்குத் தெரியும். நான் பஸ் ஏறினேன். அக்கரைப்பற்றில் இறங்கி மாறி, திருக்கோவில் தாண்டிப் போய்ச் சேர்ந்தேன். அந்த மனிதரின் கெப் கற்களில் ஏறி நின்றது. வெளிநாட்டுக்காரர்களும் இல்லை, டீசலும் இல்லை. என்னத்துக்கு என்று கேட்டார். சொன்னேன். அவரே கீழே படுத்துக் கழற்றி, உரப்பையில் சுற்றித் தந்தார். "எண்ட உம்மாக்கும் இந்த நோய்தான்" என்றார்.

ஷொக்கைப் பூட்டி, கீழ்ப் பிடிமானத்தை வெட்டி இறக்கி வெல்டில் ஒட்டினோம். முதலாளி ஈர்க்குகளை மறுபடி பிடித்துப் பார்த்தார். அடுத்த முறை மட்டக்களப்புக்குப் போகிற வழியில், வீட்டிலிருந்து அந்தக் கிறவல் வீதியைக் கடந்து, கெப் கராஜ் வாசலுக்கு வந்தது. நாங்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு நின்றோம். முதலாளி வழக்கம் போல முதுகைக் காட்டி நின்று, "இப்ப எப்பிடி தங்கச்சி?" என்றார்.

பதில் இல்லை. முதலாளியின் முகம் கறுத்தது. அப்போது ஹனிபா காக்கா கண்ணாடியை இறக்கி, உதட்டில் விரலை வைத்தார்.

"நித்திரையாகிட்டா" என்றார், காற்று மாதிரி. "வாய்க்கால் பாலத்தடியிலயே நித்திரையாகிட்டா."

எஞ்சினை நிறுத்த அவர் கையைக் கொண்டுபோனார். முதலாளி வேண்டாம் என்று கை காட்டினார். நிறுத்தினால் விழித்துக்கொள்வார். ஒரு போத்தல் டீசலுக்கு ஆட்கள் வெயிலில் நின்ற நாட்களில், அந்த கெப் எங்கள் வாசலில் சும்மா ஓடிக்கொண்டு நின்றது. பக்கத்தில் இரும்பு அடிக்கிறவனையும் நிறுத்தச் சொன்னோம். என் தொழிலில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோசம் அதுதான். அதை நினைத்தாலே இப்போது கண் கலங்குகிறது, ஏனென்றால் அது நிலைக்கவில்லை.

அந்த மாரி முழுவதும் ராத்தா வெள்ளத்துக்குள்ளால் போய்வந்தார். கெப் நிற்கவும் இல்லை, இழுக்கவும் இல்லை. மாரி முடியும்போது, ஒரு காலை நேரம், மட்டக்களப்பில் வைத்து உயிர் அடங்கி மௌத்தாகிவிட்டார்.

ஹனிபா காக்கா முதலாளிக்குப் போன் எடுத்தார். அம்புலன்ஸ் இருக்கிறது, ஆனால் அவளைத் தன் வாகனத்திலேயே கொண்டு போக வேண்டும், தன்னால் ஓட்ட முடியவில்லை என்றார். நானும் முதலாளியும் போனோம். பின்னால் கிடந்த நெல் மூடைகளைச் சமமாக அடுக்கி, மேலே மெத்தை விரித்து, கூடாரம் கட்டி ராத்தாவின் மையித்தைக் கிடத்தினார்கள். ஹனிபா காக்கா தலைமாட்டில் ஏறி உட்கார்ந்தார், மருமகன் கால்மாட்டில். நான் ஓட்டினேன். முதலாளி பக்கத்தில்.

"எங்க போற?" என்று புறப்படும் முன் கேட்டேன். வயலோர வீடா, ஊரா என்று தெரியவில்லை.

"மகள்ர வூட்டுக்குத்தான்" என்றார் ஹனிபா காக்கா. "இனி அவ மாட்டன் எண்டு சொல்ல மாட்டாதானே." பிறகு, "மெதுவா தம்பி. மையித்துக்கும் நோகும்" என்றார்.

அது எனக்குத் தெரியாததல்ல. சின்ன வயதிலிருந்தே கேட்டது. குளிப்பாட்டுகிறவர்கள் தண்ணீரை இளஞ்சூடாக்குவதும், பூப் போல கை வைப்பதும் அதற்காகத்தான். ஆனால் வழியெல்லாம் போன் வந்துகொண்டே இருந்தது. குழி வெட்டியாயிற்று, பகல் லுஹர் தொழுகையோடு அடக்க வேண்டும், ஜனாஸாவைச் சுணக்கக்கூடாது, கெதியாக வாருங்கள். அதுவும் சரியான பேச்சுத்தான். நான் வேகத்தைக் கூட்டவில்லை. வீதியில் மேடு வரும் இடமெல்லாம் கண்ணாடியில் பார்ப்பேன். ஹனிபா காக்கா இரண்டு கையையும் மனைவியின் தலைக்குக் கீழே கொடுத்துத் தாங்கிக்கொள்வார். மேடு கடந்ததும் கையை எடுப்பார். முதலாளி கையைத் தொடையில் வைத்துக் கண்ணை மூடியிருந்தார். ஷொக் நுனியில் தட்டுகிற சத்தத்துக்காக நானும் காது கொடுத்துக்கொண்டே போனேன். ஓரிடத்திலும் தட்டவில்லை. மருதமுனையைக் கடக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. முதலாளி கண்ணைத் திறக்காமலே, "ரோட்டப் பாரு" என்றார். அவர் கன்னமும் நனைந்திருந்தது.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்து சில நாளில் ஹனிபா காக்கா கெப்போடு வந்தார். மெலிந்துபோயிருந்தார். தாடி வாரியிருக்கவில்லை.

"இறக்கிவிடுங்க மஜீது. பழைய உசரத்துக்கே கொண்டு வாங்க. பொத்துவிலாருட ஷொக்கையும் குடுத்துரோணும். தண்ணிக்குள்ளால கொண்டு போக எனக்கு ஆர் இரிக்கிற?"

முதலாளி சட்டைப் பையைத் தடவினார். அந்த ஈர்க்குகள் இன்னும் அங்கேயே இருந்தன. வாகனம் போய்விட்டால் எறிந்துவிடுகிற மனிதர். பிறகு, கை வைக்கும் முன் ஒருதரம் ஓடிப் பார்க்க வேண்டும் என்றார், அது அவருடைய முறை என்று எல்லோருக்கும் தெரியும். "ரவூப் ஓட்டட்டும். நீங்க பின் சீட்டுல ஏறுங்க."

ஹனிபா காக்கா திகைத்து நின்றார். வாங்கிய நாளிலிருந்து அந்த வாகனத்தின் பின் சீட்டில் அவர் இருந்ததே இல்லை. ராத்தா தொங்கவிட்ட துணி கண்ணாடியில் அப்படியே கிடந்தது. அதை விலக்காமல் ஏறி, ராத்தா இருந்த பக்கமே உட்கார்ந்தார்.

பெரிய வீதியை விட்டுக் கிறவல் வீதியில் இறங்கினேன். முதல் பள்ளத்தில் சில்லு விழுந்து எழும்பியது. இரண்டாவது பள்ளத்துக்குப் பிறகு பின்னாலிருந்து மெல்லக் கேட்டார்.

"இப்பிடியா தம்பி இருந்த, அவக்கு?"

"ஓம் காக்கா. கடைசியில இப்பிடித்தான்."

"நோகல்லதானே?"

"நோகல்ல காக்கா."

வாய்க்கால் பாலத்தைக் கடந்து, வயலோர வீட்டு வாசலில் கெப்பைத் திருப்பும்போதுதான் கண்ணாடியில் பார்த்தேன். துணியில் தலையைச் சாய்த்து, வாய் சற்றுத் திறந்தபடி, ஹனிபா காக்கா நித்திரையாகியிருந்தார். உம்மா போனதிலிருந்து வாப்பா கண் மூடுவதில்லை என்று அவருடைய மகள் எங்களுக்குச் சொல்லியிருந்தாள்.

நான் எஞ்சினை நிறுத்தவில்லை.